பாபநாச அருவியும் தாமிரபரணி என்னும் பெயரும்

ஆறு கடலொடு கலக்குமிடத்தை முகத்துவாரம் என்று கூறுதல் தமிழ் வழக்கு. கொழும்பு மாநகரின் வடகோடியிலுள்ள எமது ஊருக்கு அப்பெயர் களனி கங்கையால் வாய்த்தது. சிவனொளிபாத மலைச் சாரலிலே தோன்றி ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் அவ்வாறு, எம் வீடுகளுக்கு அண்மையிலே தன் பெயரை இழந்து கடலாகின்றது. ஆடி அமாவாசையன்று கொழும்பு வாழ் சைவ மக்கள் மறைந்த தந்தையரை நினைந்து பிதிர்க்கடன் கழித்தற்பொருட்டு இக்கடற்கரையிலே கூடுவர். யானும் என் தந்தையார் காலமான நாள்தொட்டு ஆண்டுதோறும் அங்குச் சென்று எள்ளும் நீரும் இறைத்து வருகின்றேன்.

என் பாட்டனார் அம்பாசமுத்திரத்தை அடுத்ததொரு சிற்றூரிலிருந்து, தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தவர். வந்தவர் மீண்டு சென்றிலர். என் தந்தையார் முகத்துவாரத்திலே பிறந்து முகத்துவாரத்திலே மறைந்தவர்; அவர் அவ்வூரைக் கண்டதில்லை. ஆயினும் "எங்கள் ஆறு மலையிலிருந்து விழுகிற இடத்தில் ஒருமுறை தலை நனைக்கவேண்டும்" என்று தம் முதுமையிற் பலகாற் கூறுவார். 'எங்கள் ஆறு' என்று அவர் கூறியது களனியை அன்று. தாம் காணாத தாமிரபரணியையே. அவர் கூறியவாறு செய்தல் மகனுக்குக் கடனாயிற்று.

இப்பயணத்துக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. வகுப்பறையிலே அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டுகளைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், அவற்றில் இலங்கை 'தம்பபண்ணி' எனக் குறிக்கப்பெறுவதையும், அதுவே வடமொழியில் 'தாம்ரபர்ணி' என நிற்பதையும் எடுத்துக் கூறினேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், தாமிரபரணி இந்தியாவில் உள்ள ஆறு அல்லவா? அப்படியென்றால் அந்தப் பெயர் எங்களுடையதா, அவர்களுடையதா?" என வினவினான். மணியடித்துவிட்டது. மணி அடியாதிருந்தாலும் அவனுக்குத் தக்க விடை என்னிடம் இருந்ததில்லை. 'எங்கள்' என்ற சொல்லால் அவன் எவரைக் கருதினான் என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. தந்தையார் சொல்லும் மாணவன் வினாவும் ஒருங்கே என்னைத் தூண்ட, 2024ஆம் ஆண்டு ஆடி அமாவாசையை ஒட்டி மதுரைக்கு விமானமேறி, திருநெல்வேலி வழியாகப் பாபநாசம் சென்றடைந்தேன். அங்குக் கண்டவற்றையும், அவற்றின் பொருட்டுக் கற்றவற்றையும் இக்கட்டுரை ஒருசேர எடுத்துரைக்கும்.

மலையும் நீரும்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே செல்லுஞ் சாலை சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் என்னும் ஊர்களைக் கடந்து மலையடிவாரத்தை அடைகின்றது. வழிநெடுகிலும் ஆறு ஒருபாலும் வயல்கள் மறுபாலுமாகக் காட்சி தரும். எதிரே நிற்பது பொதியமலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியாகிய இதன் தலைமையான கொடுமுடி 1,868 மீற்றர் உயரமுடையது. அகத்தியர்மலை எனவும் அதனை வழங்குவர். அம்மலைக் காட்டிலே பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீற்றர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார்க் குடாவிற் கலக்கின்றது. மன்னார் என்னும் ஈழத்து ஊர்ப்பெயரையே அக்கடல் தாங்கி நிற்றல் ஈண்டு நினைக்கத்தக்கது.

தமிழ்நாட்டு ஆறுகளுள் தாமிரபரணிக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையுச்சியில் மழை பொழிந்து அதனை ஊட்டும். வடகீழ்ப் பருவக்காற்று அடிவாரத்திலும் சமவெளியிலும் மழை பொழிந்து மீண்டும் அதனை ஊட்டும். இவ்விரு கொடையாலும் ஏனைய ஆறுகள் மணலாய்க் கிடக்குங் காலத்திலும் இதில் நீர் ஓடுகின்றது. கார், பிசானம் என்னும் இருபோக நெல் விளைவும் இதனால் விளைந்ததே. வறண்ட நாட்டின் நடுவே வற்றாத நீரைக் கண்ட மக்கள் அது வீழுமிடத்தைத் தெய்வத்தின் இருப்பிடமாகக் கொண்டமை வியப்பன்று.

அந்நீர் மலையினின்று இறங்கும்போது பலவிடங்களில் அருவியாக வீழ்கின்றது. உள்மலையிற் பாணதீர்த்தம், அதற்குப் பலகல் கீழே, பாறைகள் சூழ்ந்த ஆழ்ந்த மடுவாகிய கலியாண தீர்த்தம், அதனை அடுத்து அகத்தியர் அருவி. மலையிலிருந்து ஆறு சமவெளியை எட்டுமிடத்திற் பாபநாசநாதர் உலகம்மையோடு எழுந்தருளிய திருக்கோயில் படித்துறையை நோக்கி அமைந்துள்ளது. உரோமச முனிவர் ஆற்றில் மிதக்கவிட்ட ஒன்பது மலர்கள் கரைசேர்ந்த ஒன்பது இடங்களே நவகைலாயம் எனப்படும் தலங்கள் என்பது ஐதிகம். அவற்றுள் முதலாவது பாபநாசம். இறுதியாவது கடற்பக்கத்துச் சேர்ந்தபூமங்கலம். இக்கதையை வரலாறெனக் கொள்ளாவிடினும், மலை தொடங்கிக் கடல்வரை ஓர் ஆற்றின் கரைமுழுதையும் ஒரே வழிபாட்டு நெறியாகக் கோத்த முன்னோரின் நோக்கம் அதிற் புலனாகின்றது.

பெயர் பற்றிய சான்றுகள்

இனி மாணவன் வினாவுக்கு வருவோம். கிறித்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டிற் பொறிக்கப்பெற்ற அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்போரை எண்ணி, தம்பபண்ணி வரையும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பெற்றதையும், மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் அவை கொண்டுசென்று நடப்பெற்றதையும் கூறுகின்றது. தம்பபண்ணி என்பது ஆற்றைக் குறிக்குமென்று வாதித்த அறிஞரும் உளர். இலங்கைத் தீவையே குறிக்குமென்பது இன்று பெரும்பான்மையோர் கொள்கை. மெகஸ்தனீசு முதலிய கிரேக்கர் இத்தீவைத் 'தப்ரபேன்' என அழைத்ததும் அப்பெயரின் திரிபே.

மறுபுறம் ஆற்றைப் பற்றிய சான்றுகளும் பழமையானவை. வான்மீகி இராமாயணம் கிட்கிந்தா காண்டத்திலே தென்றிசை செல்லும் வானரர்க்கு வழி கூறுமிடத்து, மலயமலையில் அகத்தியரையும், அதன்பின் தாமிரபரணி ஆற்றையும் சுட்டுகின்றது. மகாபாரதத்து வனபருவமும் இவ்வாற்றைத் தீர்த்தங்களுள் ஒன்றாக எண்ணும். காளிதாசரின் இரகுவமிசம் தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்து முத்துகளைப் பேசும். ஆனால் 2ஆம் நூற்றாண்டிலே உலகப் படத்துக்குரிய நூல் செய்த தாலமி, தீவைத் தப்ரபேன் என்று கூறிவிட்டு, கொற்கைக்கு அருகே கடலிற் கலக்கும் ஆற்றைச் 'சோலேன்' என்னும் வேறொரு பெயராற் குறிக்கின்றார். அது பிறக்கும் மலையைப் 'பெத்திகோ' என்கின்றார். பெத்திகோ என்பது பொதியமே என்பர். தமிழரோ அவ்வாற்றைப் பொருநை என்று போற்றினர். எனவே ஒரே காலத்தில் ஒரே ஆறு, கரையில் வாழ்ந்தோர்க்கு ஒரு பெயரும், வடமொழியாளர்க்கு ஒரு பெயரும், கடலோடிகளுக்கு ஒரு பெயரும் உடையதாய் விளங்கியது என்பது பெறப்படும்.

பெயர்க்காரணங் கூறுவோரும் தம்முள் ஒவ்வார். 'தாம்ரம்' என்பது செம்பு. 'பர்ணம்' என்பது இலை. ஆதலின் செம்பிலை போன்றதென்பர் ஒருசாரார். மகாவம்சமோ, விசயனும் தோழரும் கரையில் இறங்கிக் களைப்பால் நிலத்திற் கையூன்றியபோது செம்மண் பட்டுக் கைகள் செம்பு நிறம் பெற்றமையால் அவ்விடம் தம்பபண்ணி ஆயிற்று எனக் கூறும். ஒருவர் இலையைக் காட்டுகின்றார். மற்றவர் கையைக் காட்டுகின்றார். இதனின்று யாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு: பெயர் முந்தியது, காரணக் கதை பிந்தியது. பெயரின் பொருள் மறந்துபோன பின்னரே அதனை விளக்கும் கதை பிறக்கின்றது.

கால்டுவெல் 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் இப்பெயரொற்றுமையை ஆராய்ந்தார். அவர்க்குப் பின் வந்தோரும் ஆராய்ந்தனர். குடியேறிச் செல்வோர் தம் ஊர்ப்பெயரையும் ஆற்றின் பெயரையும் உடன்கொண்டு செல்லுதல் உலகியற்கை. வடநாட்டு மதுரையும் தென்னாட்டு மதுரையும் இதற்குச் சான்று. பாபநாசத்துக்கு வடக்கே, 15ஆம் நூற்றாண்டிற் பராக்கிரம பாண்டியன் விசுவநாதர்க்குக் கோயில் எடுத்த ஊர் தென்காசி எனப் பெயர் பெற்றமை மற்றொரு சான்று. ஆற்றின் பெயர் தீவுக்குச் சென்றதோ, தீவின் பெயர் ஆற்றுக்கு வந்ததோ, இரண்டையும் மூன்றாம் மொழியார் ஒருவர் ஒரு பெயராற் சுட்டினரோ, கிடைத்துள்ள சான்றுகள் முடிவு கூறா. அவை உறுதியாகக் கூறுவது இவ்வளவே: இருகரையையும் ஒரு பெயரால் அழைக்கத்தக்க அளவுக்கு அக்காலத்து மக்கள் இடைக்கடலைக் கடந்து பழகியிருந்தனர்.

அப்பழக்கத்துக்கு மண்ணும் சாட்சி பகர்கின்றது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த பெருங்காடு 1876இல் முதன்முதல் அகழப்பெற்றது. அதே ஆற்றுப்படுகையைச் சேர்ந்த சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல்மணிகள் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையுடையன எனத் தமிழ்நாட்டரசு 2021இல் அறிவித்தது. ஈழத்தின் வடமேல் கரையிலே, புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொன்பரிப்பிலும் அத்தகைய தாழிக்காடு உண்டு; 1956ஆம் ஆண்டிலும் 1970ஆம் ஆண்டிலும் அகழ்வாராய்ச்சி நிகழ்ந்த அவ்விடத்து ஈமமுறைக்கும் ஆதிச்சநல்லூர் முறைக்குமுள்ள ஒப்புமையை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். தாழியுள் உறங்குவோர் தம் பெயரை எழுதி வைத்திலர். அவர் பேசிய மொழியைத் தாழி கூறாது. ஆயினும் இறந்தோரைப் பேணும் முறை இருகரையிலும் ஒத்திருந்தமையை அது மறையாது காட்டும்.

பொதியிலும் அகத்தியரும்

சிவபெருமான் திருமணத்தைக் காண எல்லோரும் வடக்கே திரள, நிலம் தாழ்ந்தமையால் இறைவன் அகத்தியரைத் தெற்கே அனுப்பினார் என்பதும், அவர்க்குப் பொதியமலையிலேயே திருமணக் காட்சி அளித்தார் என்பதும் நாம் இளமையிலே கேட்ட கதைகள். அக்காட்சி நிகழ்ந்த இடமே கலியாண தீர்த்தம் என்பர். சித்திரை விசுவன்று பாபநாசத்தில் அக்காட்சி ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடப்பெறுகின்றது.

இக்கதையை வரலாற்று மாணவர் எங்ஙனம் அணுகுதல் வேண்டும்? சங்கத் தொகைநூல்களிற் பொதியில் பலகாற் போற்றப்பெறுகின்றது. அம்மலைக்குத் தலைவனாகிய ஆய் அண்டிரனின் கொடையை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியுள்ளார். தாலமி கூறும் 'அயோய்' என்போர் இவ்வாய்குடியினரே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆயின் அத்தொகைநூல்களில் அகத்தியர் தமிழிலக்கணஞ் செய்தார் என்னுஞ் செய்தி காணப்பெறவில்லை. அது இறையனார் களவியலுரை முதலிய பிற்கால நூல்களிலேயே விரிகின்றது. 8ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேடு அகத்தியரைப் பாண்டியர் குலகுருவாகக் கூறும். நச்சினார்க்கினியர் உரையிலோ, தென்னாட்டை நலிந்த இராவணனை அகத்தியர் இசையாற் பிணித்து இலங்கைக்குத் திருப்பியனுப்பினார் என்ற கதை வருகின்றது. 'தமிழ்நாட்டில் அகத்தியர்' என்னும் பொருள்பற்றி நூலெழுதிய கே. என். சிவராச பிள்ளை இவ்வளர்ச்சியைப் படிப்படியாக எடுத்துக் காட்டினார்.

கதை வளர்ந்தது என்று கூறுதல் கதையைப் பழித்தல் ஆகாது. ஒவ்வொரு காலத்தாரும் தமக்கு இன்றியமையாத ஒன்றை அம்மலைமேல் ஏற்றிவைத்தனர். வள்ளலை வேண்டிய பாணர் அங்கே ஆயைக் கண்டனர். குலப்பெருமை வேண்டிய அரசர் அங்கே குருவைக் கண்டனர். மொழியின் தோற்றத்தை வினவிய புலவர் அங்கே இலக்கண ஆசிரியரைக் கண்டனர். ஏறியவை பல, மலை ஒன்றே.

சைவரேயன்றிப் பௌத்தரும் அம்மலையை உரிமை கொண்டாடினர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். 11ஆம் நூற்றாண்டிற் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டுணர்ந்தது அவலோகிதரிடத்தே எனக் கூறுகின்றது. 7ஆம் நூற்றாண்டிற் பாரதம் போந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மலகூட நாட்டிலே மலயமலையை அடுத்துப் போதலகம் என்றொரு மலையுண்டென்றும், அதன் உச்சியிலுள்ள பொய்கையிலிருந்து ஓர் ஆறு இறங்கி மலையைச் சுற்றிக் கடல் சேர்கின்றதென்றும், அவலோகிதேசுவரர் ஆண்டு உறைகின்றாரென்றும் எழுதி வைத்தார். அம்மலைக்கு வடகிழக்கே கடற்கரையில் உள்ள பட்டினத்திலிருந்தே சிங்கள நாட்டுக்குக் கப்பலேறுவர் என்பதும் அவர் குறிப்பு. அப்போதலகம் பொதியிலே எனக் கொள்வோர் உளர். சொல்லொற்றுமை ஐயத்துக்கு இடந்தருமாயினும், மலையும் நீரும் கடற்றுறையும் அமைந்த முறை பொதியிலை நினைவூட்டாதிராது.

அப்பெயர் சென்ற தொலைவு வியப்புக்குரியது. திபெத்து நாட்டு இலாசா நகரில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த பெருமாளிகை 'போதாலா' என்னும் பெயர் பெற்றது. யப்பான் நாட்டில் அது 'புதரக்கு' எனத் திரிந்தது. 133 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் நாச்சி என்னும் புனித அருவியின் அண்மைக் கடற்கரையிலிருந்து, தெற்கேயுள்ள அப்புண்ணிய மலையை அடையும் வேட்கையால் துறவியர் சிலர் மூடிய ஓடங்களில் ஏறி, மீளாப் பயணம் மேற்கொண்டனர். தென்றிசை மலை ஒன்றின் கேள்வி, அதனைக் காணாத மக்களையும் அவ்வாறு ஈர்த்தது. என் தந்தையாரும் காணாத அருவியை நினைந்தே வாழ்ந்தவர் என்பது அதனைப் படித்தபோது என் நெஞ்சில் எழுந்தது.

அண்மைக் காலம்

பழமையைப் பேசுவோர் அண்மைக் காலத்தை மறத்தல் கூடாது. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரம் 18ஆம் நூற்றாண்டில் இருபெரும் புலவரைத் தந்தது: ஒருவர் உலகம்மையைப் பாடிய நமச்சிவாயக் கவிராயர், மற்றவர் சிவஞான மாபாடியஞ் செய்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர். அம்முனிவரின் தொல்காப்பியச் சூத்திர விருத்தியை அச்சிற் பதிப்பித்தவர் நம் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். பொருநைக் கரையிற் பிறந்த கல்வி பாக்கு நீரிணையைக் கடந்து பேணப்பெற்றமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1880களில் ஆர்வி சகோதரர் அருவிநீரின் விசையைக் கொண்டு அங்கே நூற்பாலை நிறுவினர். மலையினுள்ளே 143 அடி நீர் தேக்கத்தக்க பாபநாசம் அணை 1940களின் தொடக்கத்தில் எழுந்தது. 1944இல் மின் உற்பத்தியும் தொடங்கிற்று. இன்று அருவியில் வீழும் நீர், மழையின் கட்டளையோடு அணையின் கட்டளைக்கும் உட்பட்டது. முனிவர்க்காக வீழ்ந்ததெனப் போற்றப்பெற்ற நீர் இழை நூற்கவும் விளக்கேற்றவும் உதவுதல் இழிவன்று. அதுவும் அந்நீரின் வரலாறே.

கலியாண தீர்த்தத்தை நோக்கும்போது தமிழ் மாணவர் நினைக்கவேண்டியவர் வ. வே. சு. ஐயர். இலண்டனிற் சட்டம் பயின்று, புதுச்சேரியிற் கரந்துறைந்து, கம்பனை ஆங்கிலத்தில் ஆராய்ந்த அப்பெரியார், இவ்வாற்றங்கரையிலுள்ள சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். அங்கே பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவு அளிக்கப்பெற்றமை 1924, 1925ஆம் ஆண்டுகளிற் பெருங்கிளர்ச்சியை விளைத்தது, ஈ. வெ. இராமசாமி முதலியோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அப்பூசல் ஓய்வதற்குள், 1925 யூன் மாதத்தில் மாணவரோடு பாபநாசம் சென்றபோது, நீரில் அகப்பட்ட தம் மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து ஐயரும் மாண்டார். பாவத்தை நாசஞ் செய்வது எனப் பெயரிய நீரின் கரையிலேயே ஒரு பந்தியில் அமர்ந்து உண்ண இயலாத சமுதாயம் வாழ்ந்தது என்பதும், அச்சமுதாயத்துட் சிக்கிய சிறந்த உள்ளம் ஒன்று பிள்ளைப் பாசத்தால் அந்நீரிலேயே மறைந்தது என்பதும் வரலாறு. இரண்டையும் ஒருங்கு கூறுதலே நேர்மை.

படித்துறையில்

ஆடி அமாவாசையன்று வைகறையிலேயே பாபநாசப் படித்துறை மக்களால் நிரம்பியிருந்தது. காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குச் செல்வோரின் வண்டிகள் மலைச்சாலையில் நிரைநிரையாக நின்றன. கல்லிலமர்ந்த புரோகிதர் ஒருவர் எனக்குத் தருப்பை தந்து, மூன்று தலைமுறையார் பெயர்களைக் கூறுமாறு பணித்தார். தந்தையார் பெயரைக் கூறினேன். பாட்டனார் பெயரைக் கூறினேன். அதன்மேல் வாய் நின்றுவிட்டது. கப்பலேறி வந்த பாட்டனார் தம் தந்தையின் பெயரைத் தம் மக்களுக்குச் சொல்லிவைத்திலர். அல்லது அவர் சொன்னதை யாம் காத்திலேம். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன், தன் குலத்து மூன்றாந் தலைமுறையின் பெயரறியாது தன் ஆற்றின் கரையிலேயே வாயடைத்து நின்றேன்.

புரோகிதர் சினந்திலர். "பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை ஐயா. தெரியாதவருக்கென்று பொதுச்சொல் இருக்கிறது. அதைச் சொல்லி இறையுங்கள். ஆனால் இல்லாத பெயரைக் கட்டிச் சொல்லக்கூடாது" என்றார். அவ்வாறே செய்தேன். அவர் ஒரு சடங்கு விதியை எனக்குக் கூறினார்; யான் அதில் என் தொழிலின் விதியையும் கேட்டேன்.

திரள் கலைந்து மூன்றாம் நாள் அகத்தியர் அருவிக்குச் சென்றேன். வனத்துறையினரின் சாவடியைக் கடந்து, பாறையிற் பதித்த இரும்புக் கம்பியைப் பற்றியபடி நீரின்கீழ் நின்றேன். அருவி மேனியிற் படும்போது நினைவென்று ஒன்று நிற்பதில்லை. தோளிலும் முதுகிலும் விழும் அடியும், காதை நிறைக்கும் ஓசையுமே உள. பக்கத்தில் நின்றவர் எவ்வூரார், எக்குலத்தார் என அறிய இயலாது. தந்தையார் வேண்டியது இதுவே போலும் என எண்ணிக் கரையேறினேன்.

கரையிலே கண்டதொன்று நெஞ்சை வருத்தியது. பாவம் தொலையும் என நம்பி நீராடியோர் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். படித்துறைக் கற்களிலும் மரவேர்களிலும் அத்துணிகள் சிக்கி அழுகிக் கிடந்தன. பணியாளர் வாரி வாரிக் குவித்தும் அவை ஒழிந்தில. தம் பாவத்தை நீக்கிக்கொள்ள நீரை மாசுறுத்தல் எத்தகைய புண்ணியம் என்பதை நம்மவர் எண்ணுதல் வேண்டும். எமது முகத்துவாரத்துக் கடற்கரைக்கும் இக்கேள்வி பொருந்தும். அங்கும் சடங்கு முடிந்தபின் எஞ்சுவனவற்றைக் களனி தாங்கமாட்டாது கரையில் ஒதுக்குகின்றது.

முடிவுரை

ஊர் திரும்பியபின் அதே வகுப்பில் அம்மாணவன் வினாவுக்கு விடை கூறினேன். தாமிரபரணி என்னும் பெயர் எவர்க்கு உரியது என்பதைச் சான்றுகள் தீர்த்துரைக்கவில்லை என்றேன். ஆயினும் அப்பெயர் இருகரையிலும் ஒலித்தமையும், தாழிகள் ஒத்திருந்தமையும், விசயனுக்கே பாண்டியன் மகள் மதுரையிலிருந்து மணமகளாய் வந்தாள் என மகாவம்சம் கூறுவதும், இக்கடல் பிரித்ததினும் இணைத்ததே மிகுதி என்பதைக் காட்டுகின்றன என்றேன். பெயரொற்றுமையைக் கொண்டு ஒரு மக்கள் பிறிதொரு மக்களை நோக்கி 'நீர் பின்வந்தீர்' என்று கூறுதல், சான்று தாங்காத பாரத்தை அதன்மேல் ஏற்றுவதாகும். நம்முள்ளும் அத்தவறு செய்வார் உளர், பிறருள்ளும் உளர்.

மாணவன் சற்றே எண்ணிப் பின், "அப்படியென்றால் பரீட்சையில் என்ன எழுதுவது, சேர்?" என்றான். வகுப்பு நகைத்தது. "தெரிந்ததைத் தெரிந்தவாறு எழுது; தெரியாத இடத்தில் இல்லாத பெயரைக் கட்டி எழுதாதே" என்றேன். அது படித்துறைப் புரோகிதர் எனக்களித்த விடை என்பதை அவனுக்குக் கூறிலேன்.

2025ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று வழக்கம்போல் முகத்துவாரக் கடற்கரைக்குச் சென்றேன். தந்தையார் பெயரையும் பாட்டனார் பெயரையும் கூறி, அதற்குமேற் பெயரறியாதார் அனைவர்க்குமாக எள்ளும் நீரும் இறைத்தேன். பின்னர் உடுத்த துணியைப் பிழிந்து தோளிலிட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.